'போல' வந்தால் எல்லாம் உவமையா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் மூன்றும் குழம்புகின்றன. இலக்கணம் மனப்பாடம்; புதிய வரியைக் கொடுத்தால் விழிக்கிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: முதலில், 'போல' எங்கே என்று தேடும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். 'மழை வரும் போலிருக்கிறது' என்பதில் ஒப்பீடே இல்லை, வெறும் ஊகம். 'மலர்முகம்' என்பதிலோ 'போல' என்ற உவம உருபு மறைந்திருக்கிறது, ஆனால் உவமைதான்.

சரி, அதையே திருப்பிப் போடுங்கள்: முகமலர். இப்போது உருவகம். இடம் மாறினால் என்ன வந்துவிட்டது என்று கேட்பாள். ஒரு வினையைச் சேர்த்துக் காட்டுங்கள். 'மலர்முகத்தைத் துடைத்தாள்' என்றால் துடைக்கப்படுவது முகம். மலர் அடைமொழியாக ஒதுங்கி நிற்கிறது. 'முகமலர் இதழ் விரித்தது' என்றால்? இதழ் விரிப்பது பூவின் வேலை. முகம் பூவாகவே ஆகிவிட்டதால் வினையும் பூவினுடையதாகிவிட்டது. 'முகம் வாடிப்போச்சு' என்று தினமும் சொல்கிறோமே, யோசித்தால் அதுவும் இந்த வகைதான்.

உவமை என்று தெரிந்ததும், எதில் ஒப்புமை என்று கேளுங்கள். தொல்காப்பியர் நான்கு சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மழைபோன்ற கொடை, பயன். துடியிடை (உடுக்கை போன்ற இடை) மெய், அதாவது வடிவம். பவளவாய் உரு, அதாவது நிறம். அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளுக்குள் இப்போதே இறங்க வேண்டாம்.

பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழும் இடம் தற்குறிப்பேற்றம்: இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்கிறார் இளங்கோ. பாருங்கள், 'போல்' பளிச்சென்று இருக்கிறது! ஆனாலும் இது உவமை அணி இல்லை. கவிஞர் பாடாவிட்டாலும் அது நடந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றில் கொடி எப்படியும் ஆடும். 'வராதீர்கள்' என்ற காரணம் மட்டும் அவர் ஏற்றியது.

அப்புறம் ஒன்று. 'ஊரே சிரித்தது' என்ற வரியை உருவகம் என்று எழுதிவிடுவார்கள். ஊர் மனிதரைப் போல இருப்பதாக அங்கே யாரும் சொல்லவில்லை. ஊர் என்ற சொல் அதில் வாழ்கிறவர்களுக்கு ஆகிவந்திருக்கிறது, அது இடவாகுபெயர்.