சிதறிக் கிடக்கும் குடும்பப் படங்களுக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: அம்மம்மாவின் திருமணப் படம் முதல் சென்ற ஆண்டு நல்லூர்த் தேர் வரை ஏறத்தாழ 12,000 படங்கள் என் கணினியில் சிதறிக் கிடக்கின்றன. முன்பு பிக்காசாவைப் பயன்படுத்தினேன். இனி எதைத் தெரிவு செய்யலாம்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: பிக்காசாவைக் கூகுள் 2016 இல் கைவிட்டுவிட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும் இலவசத் திறமூல மென்பொருளான டிஜிகாமையே நான் பரிந்துரைப்பேன். ‘சாமத்தியவீடு’, ‘பெரியம்மா’ என்று நீங்கள் இடும் குறிச்சொற்களை, அதன் அமைப்புகளில் தெரிவு செய்தால், படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும் என்பதுதான் முதன்மையான காரணம். நாளை வேறொரு மென்பொருளுக்கு மாறினாலும் உங்கள் உழைப்பு வீணாகாது. முகங்களை அடையாளம் காணும் வசதி கணினியிலேயே இயங்குவதால், அதற்கான கோப்புகளை முதலில் ஒருமுறை தரவிறக்கிய பின் இணையம் வேண்டியதில்லை.

திகதிகளில் கவனம் தேவை. ஸ்கான் செய்த பழைய படம், ஸ்கான் செய்த நாளிலேயே வரிசையில் நிற்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்ட படமோ எடுத்த திகதியை இழந்தே வந்துசேரும். அம்மம்மாவின் படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதிய ஆண்டு இருக்கிறதா என்று பார்த்து, டிஜிகாமின் திகதி திருத்தும் கருவியில் அதனைப் பதியுங்கள். எடுத்த திகதி அழியாமலிருக்க, கனடாவிலுள்ள உறவினர்களிடம் வட்ஸ்அப்பில் படங்களை ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

எதையும் தொடங்குமுன், எல்லாப் படங்களையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதியெடுத்துவிடுங்கள்.