குறிஞ்சி என்று பெயர் வைக்கலாமா?

வணக்கம் சார்,

எங்களுக்குப் பெண் பிறந்து இருபது நாள் ஆகிறது. குறிஞ்சி என்று பெயர் வைப்பதாக நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். என் பெரியப்பா, "பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூத்துட்டுச் செத்துப்போற செடி. அந்தப் பேரையா பிள்ளைக்கு வைப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து மனைவிக்கு மனசே சரியில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகளுக்கு என் வாழ்த்துகள். பெரியப்பா சொன்னது சரிதான். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். விதை விட்டதும் செடி பட்டுப்போகும். மூணாறு மலைகளில் 2006லும் 2018லும் பூத்தது, அடுத்து 2030. ஆனால் வாழையும் ஒரே ஒரு குலை தள்ளிவிட்டுத்தானே சாய்கிறது? அதைத்தான் கல்யாண வாசலில் கட்டுகிறோம், வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோம்.

குறிஞ்சி தனியாகப் பூப்பதில்லை. ஒரு சரிவிலுள்ள செடிகள் எல்லாம் ஒரே பருவத்தில் பூத்து, ஒன்றாக விதை உதிர்க்கும். தின்கிற உயிர்கள் தின்றதுபோக மிச்சம் முளைக்கட்டும் என்று இந்த ஏற்பாடு என்பது தாவரவியலாளர்கள் தரும் ஒரு விளக்கம்.

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டைப் பாருங்கள். தேவகுலத்தார் பாடியது. தன் காதல் நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்கிறாள் ஒருத்தி. அவனுடைய மலையைச் சொல்ல வரும்போது அவள் எடுப்பது, கரிய கொம்புள்ள குறிஞ்சியின் பூவிலிருந்து தேனீக்கள் கட்டும் தேனை. அங்கே யாருக்கும் சாவு ஞாபகம் வரவில்லை. மலைநிலத்துக்கும் இதே பெயர், ஒரு பண்ணுக்கும் இதே பெயர். சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போதும் ஐந்தாவதாக இது வந்துவிடுகிறது.

எனக்குள்ள தயக்கம் வேறு. இது சுருக்கிக் கூப்பிடத் தோதில்லாத பெயர். முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்தினால் பள்ளிக்கூடத்தில் கிண்டல்தான். இப்போதே ஒரு செல்லப்பெயர் பார்த்துவைத்துவிடுங்கள். அப்புறம் அந்த வல்லின றகரம். பாதிப் பேர் 'குரிஞ்சி' என்றுதான் எழுதுவார்கள், அவள் ஆயுசு பூராவும் திருத்திக்கொண்டிருப்பாள். முல்லைக்கு இந்தத் தொல்லை இல்லை. சரி, நீங்கள் முல்லையைக் கேட்கவில்லையே.

தாராளமாக வையுங்கள். 2030இல் மகளை மலைக்குக் கூட்டிப்போகும்போது பெரியப்பாவுக்கும் வண்டியில் ஓர் இடம் வைத்திருங்கள்.