வெளி மாநிலம் போகும் போலீஸ் அதிகாரி துப்பாக்கி எடுத்துச் செல்லலாமா? அமெரிக்கச் சட்டம் பற்றிக் கேள்வி பதில்

என் கணவர் டெக்சஸில் போலீஸ் அதிகாரி. விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் நியூயார்க் போகிறோம். துப்பாக்கியைக் கொண்டுவரலாமா, அண்ணா?

கொண்டுவரலாம் அம்மா. 2004 ஜூலையில் வந்த கூட்டாட்சிச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. போலீஸ்காரர்கள் அதை 'லியோசா' என்பார்கள். நியூயார்க் லைசென்ஸ் தனியாக வேண்டாம். ஆனால் துறை கொடுத்த, புகைப்படம் போட்ட அடையாள அட்டை அவரிடம் இருக்க வேண்டும். பேட்ஜ் மட்டும் போதாது. துப்பாக்கி வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். விருந்தில் குடித்துப் போதையில் இருந்தால், அந்த நேரத்தில் இந்தச் சட்டம் அவரைக் காப்பாற்றாது.

லியோசா இருந்தால் எங்கேயும் நுழையலாம் என்கிறார்களே?

இதை நம்பித்தான் நல்ல அதிகாரிகள் மாட்டிக்கொள்கிறார்கள். தன் இடத்தில் துப்பாக்கி கூடாது என்று சொல்லும் உரிமையை மாநிலச் சட்டம் உரிமையாளருக்குக் கொடுத்திருந்தால், லியோசா அதை மீறாது. மாநில, உள்ளூர் அரசுக் கட்டடங்கள், பூங்காக்களுக்கு மாநிலம் போடும் தடையும் அப்படியே நிற்கும். கூட்டாட்சி அரசுக் கட்டடங்களில் அவற்றின் விதிதான்.

எனக்கு அதிகக் கவலை பள்ளிக்கூடங்கள் பற்றித்தான். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் போலீசாருக்கு விலக்கு உண்டு, ஆனால் அலுவல் கடமையில் இருக்கும்போதுதான். விடுமுறையில் வந்தவருக்கு அது பொருந்தும் என்று நம்ப வேண்டாம். ஊருக்குள் பள்ளியைத் தாண்டாமல் கார் ஓட்ட முடியுமா? தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் வைத்தால் அந்தத் தடை பொருந்தாது. பிள்ளைகளோடு போகும்போது நான் சொல்லும் வழி அதுதான்.

விமானத்தில் இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாமா?

லியோசாவைக் காட்டி முடியாது. விமானத்துக்குள் கொண்டுபோக அலுவல் தேவையும் அதற்கென்ற பயிற்சியும் வேண்டும். சுற்றுலா என்றால் தோட்டா நீக்கி, கடினமான பெட்டியில் பூட்டி, கவுன்டரில் சொல்லிவிட்டு லக்கேஜில் போடுங்கள்.

ஐயா, 12 வருடம் பணி செய்து நல்ல முறையில் விலகினேன். நியூ ஜெர்சியில் குடியேறுகிறேன். எனக்கும் இது உண்டா?

உண்டு. முன்பு 15 வருடம் கேட்டார்கள், 2010 திருத்தம் அதை 10 ஆக்கியது. உங்கள் பழைய துறை அடையாள அட்டை தர வேண்டும். கடந்த 12 மாதங்களுக்குள் சொந்தச் செலவில் சுடும் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். அந்தத் தேதியை மறந்துவிடாதீர்கள். ஓய்வு பெற்றவர்களிடமும் நியூ ஜெர்சி தன் பெர்மிட்டைக் கேட்டுவந்தது, ஹாலோ பாயின்ட் தோட்டாவுக்கும் (முனையில் குழி உள்ள, உடலில் பட்டதும் விரியும் தோட்டா) தடை வைத்திருந்தது. லியோசா தகுதி உள்ளவர்கள்மேல் இவை செல்லாது என்று நியூ ஜெர்சிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ('தேர்ட் சர்க்யூட்') 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

வெளி மாநிலத்தில் கண்ணெதிரே கொள்ளை நடந்தால் கைது செய்யலாமா?

லியோசா கைது அதிகாரம் தரவில்லை, அதை அந்த மாநிலச் சட்டம்தான் முடிவு செய்யும். அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள். நீங்கள் யார், என்ன உடை போட்டிருக்கிறீர்கள், துப்பாக்கி இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரும் போலீசுக்கு உங்கள் முகம் தெரியாது.

திரும்பவும் நான்தான், அண்ணா. நயாகராவில் கனடா பக்கமும் போக ஆசை.

அப்படியானால் துப்பாக்கி வேண்டாம் அம்மா. லியோசா அமெரிக்க எல்லையோடு சரி. கனடா போவது உறுதியென்றால் டெக்சஸ் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.