கரண்ட் பில் இல்லாமல் டாக்டரிடம் பதிவு செய்ய முடியாதா?

கேள்வி: திருச்சியிலிருந்து லண்டன் ஹாரோவுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது அக்கா. கணவருக்கு வேலை விசா, நான் டிபெண்டன்ட். பக்கத்துத் தெரு ஜிபி சர்ஜரியில் (குடும்ப டாக்டர் கிளினிக்) பதிவு செய்யப் போனால், என் பெயரில் கரண்ட் பில்லோ பேங்க் ஸ்டேட்மென்ட்டோ கொண்டு வா என்கிறார்கள். வீட்டு ஒப்பந்தம், பில் எல்லாம் அவர் பெயரில். எனக்கு இன்னும் பேங்க் கணக்கே இல்லை. தைராய்டு மாத்திரை இருபது நாளைக்குத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் மாமியார் வேறு வருகிறார், சுகர் இருக்கிறது. என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், ஹாரோ)

பதில்: அவர்கள் கேட்டது தப்பு. ஆனால் சண்டைக்குப் போகாதீர்கள், தேவையில்லை. இங்கிலாந்தில் ஜிபியிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று, அடையாள அட்டை, விசா, என்எச்எஸ் (இங்கத்து அரசு மருத்துவச் சேவை) எண் எதுவுமே கட்டாயம் இல்லை. என்எச்எஸ் இணையதளத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. இருந்தால் கொடுக்கலாம், பழைய பதிவைத் தேடிப் பிடிக்க உதவும், அவ்வளவுதான். நானே சில வருடம் ஒரு சர்ஜரி ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அம்மா "பில் இல்லாமல் ஃபார்ம் வாங்காதே" என்றார், நானும் ரொம்ப நாள் அப்படியே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேரில் போவதை விடுங்கள். சர்ஜரியின் இணையதளத்தில் புதிய நோயாளியாகப் பதிவு செய்ய ஒரு இணைப்பு இருக்கும், ஃபோனிலேயே முடித்துவிடலாம். காகிதம்தான் வேண்டும் என்றால் புதிய நோயாளிக்கான பதிவு ஃபார்மைக் கேட்டு வாங்குங்கள். அப்போதும் மறுத்தால், காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்று மெதுவாகக் கேளுங்கள். 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. உங்கள் போஸ்ட்கோடு அவர்கள் எல்லைக்கு வெளியே, அல்லது புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று சொன்னால் அது நியாயமான காரணம், வேறு சர்ஜரி பார்க்க வேண்டியதுதான். பில் இல்லை என்பது காரணமே இல்லை.

(ஊருக்கு ஃபோன் பண்ணும்போது "சர்ஜரிக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இங்கே அது டாக்டர் கிளினிக். என் அம்மா அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார்.)

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் இருக்கும், ஃபார்மில் நாம் கணவர் பெயரைப் போடுவோம், ஆஸ்பத்திரியில் இன்னொரு மாதிரி சொல்வோம். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, இரண்டு என்எச்எஸ் எண் விழுந்துவிடும். எனக்கே நடந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு யாரும் திறந்து பார்க்காத இன்னொரு நான் பெயரில் மூன்று வாரம் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் இனிஷியலைக்கூட விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ரிசப்ஷனில் உங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், எழுந்து போக வேண்டியதுதான்.

அப்புறம் மாத்திரை. தைரோநார்ம் என்று நம்மூர் பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே பலருக்குத் தெரியாது, மருந்தின் பெயரான லெவோதைராக்சின் எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதி, அட்டையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் முதல் வேலையாக இதற்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள், புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். அதற்குள் மாத்திரை தீர்ந்தால் 111 என்ற என்எச்எஸ் உதவி எண்ணுக்கு அழையுங்கள். இன்னொன்று, இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள்: இங்கிலாந்தில் 2024 மேயிலிருந்து மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்டு, ஆனால் தைராய்டு குறைவுக்குத் தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களுக்கு, அந்த மாத்திரை மட்டுமில்லை, டாக்டர் எழுதித் தரும் எந்த மருந்துக்குமே காசு கிடையாது. சர்ஜரியில் எஃப்பி92ஏ என்ற ஃபார்மைக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். அதில் டாக்டர் தரப்பில் கையெழுத்து ஆனதும் ஐந்து வருடத்துக்கு ஒரு சான்றிதழ் வரும்.

மாமியாரும் ஜிபியிடம் பதிவு செய்யலாம், சுற்றுலா விசாவாக இருந்தாலும். மூன்று மாதத்துக்குள் கிளம்பிவிடுவார் என்றால் தற்காலிகப் பதிவு. ஜிபியைப் பார்க்கப் பணம் இல்லை, விபத்துப் பிரிவிலும் இல்லை. ஆனால் அங்கிருந்து வார்டில் படுக்க வைத்துவிட்டால் அவ்வளவுதான், என்எச்எஸ்ஸுக்கு ஆகும் செலவில் 150 சதவீதம் பில் போடுவார்கள். நீங்கள் இருவரும் விசாவோடு ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் பெரும்பாலும் கட்டியிருப்பீர்கள், மாமியார் கட்டியிருக்க மாட்டார். பயணக் காப்பீட்டில் சுகரை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்கள், இலவசம்தான். மருமகள் முன்னால் சொல்லத் தயங்கும் விஷயம் எந்த மாமியாருக்கும் இருக்கும்.

கேள்வி: பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது, காலை எட்டு மணிக்கு ஃபோன் போட்டால் இருபதாவது ஆளாக நிற்கிறேன். டாக்டரைப் பார்ப்பது எப்படி?
(வாசகர், ஈஸ்ட் ஹாம்)

பதில்: ஃபோனை வையுங்கள் தம்பி. 2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் எல்லா சர்ஜரியும் வேலை நாளில் காலை 8 முதல் மாலை 6.30 வரை ஆன்லைன் கோரிக்கையைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவசரம் இல்லாத விஷயத்தை அதில் எழுதிப் போடுங்கள். தொண்டை வலி, காதுவலி, பூச்சிக் கடி சீழ் பிடித்தது மாதிரி ஏழு தொல்லைகளுக்கு ஃபார்மசிக்காரரே பார்த்து, தேவைப்பட்டால் மருந்தும் கொடுத்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பு உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி என்றால் மட்டும் இதில் எதையும் யோசிக்காமல் அவசர எண் 999க்கு அழையுங்கள்.