ஓர் ஊரில் மட்டும் ஒரு நோய் மிகுந்திருப்பது ஏன் என்று அறிய இருபது, முப்பது ஆண்டுகள் எதற்கு?

ஒரு நாள் முகாம் நடத்தினாலே எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது என்று எண்ணிவிடலாம். அது ஏன் வந்தது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. எடை கூடியது முதலா, நோய் முதலா என்று தெரிய வேண்டுமானால், நோயில்லாத காலத்திலிருந்தே அதே மனிதர்களைத் தொடர வேண்டும்.

1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் இப்படி மனிதர்களைத் தொடர்வதற்காகத் தொடங்கிய இதய ஆய்வில் சேர்ந்த 5,209 பேரில் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். கறுப்பின மக்களுக்கென்று மிசிசிப்பியின் ஜாக்சனில் பெரிய அளவில் ஆய்வு தொடங்க 2000ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. இது மிகவும் தாமதம் என்பதே என் கருத்து.

நம் வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் சிற்றூர்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளை அப்போதே எடைபோட்டு, அவர்கள் முப்பதை நெருங்கிய வயதில் மீண்டும் தேடிப் பரிசோதித்தபோது, நகரத்தாரிடமே சர்க்கரை நோய் கூடுதலாகக் காணப்பட்டது. இங்கே ஒப்பிடப்பட்டது இனமன்று, வாழிடம்.

தேடுவதுதான் பெரும்பாடு. நோட்டும் அளவுநாடாவுமாக வாசலில் நிற்கும் களப்பணியாளருக்கு, “பொண்ணைக் குடியாத்தத்துல கட்டிக் குடுத்துட்டோமே” என்ற பதில் கிடைக்கும். அப்படி ஊர்மாறிப் போனவரை விட்டுவிட்டால், ஊரைவிட்டு நகராதவர்களின் நோயே ஊரின் நோயாகக் கணக்கில் ஏறிவிடும்.