சுடிதாருக்கு மேல் ஒரு நாலு முழ வேட்டி

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் கன்னியாகுமரி, சுசீந்திரம், திருவனந்தபுரம், குருவாயூர் என்று குடும்பத்தோடு கிளம்புகிறோம். 16 வயது மகளுக்குப் புடவை கட்டிப் பழக்கமில்லை, சுடிதார்தான். கணவர் எப்போதும் பேண்ட், சட்டை. கோயில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில்: உங்கள் கணவர் விஷயம் எளிது. நான்கு ஊரிலும் ஆண்கள் சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கேரளக் கோயில்கள் இரண்டுக்கும் வேட்டி கட்டாயம். லுங்கி ஆகாது. கட்டத் தெரியாதவர் என்றால் வெல்க்ரோ வைத்த வேட்டியை ஊரிலேயே வாங்கி, வீட்டில் ஒருநாள் கட்டி நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். குருவாயூரில் 2007 முதல் சுடிதாருக்கு அனுமதி உண்டு. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில்தான் சிக்கல். அங்கே சுடிதாரோடு மட்டும் போனால் விடமாட்டார்கள். அதன் மேல் இடுப்பைச் சுற்றி ஒரு வேட்டி கட்டியிருக்க வேண்டும். 2016 நவம்பரில் கோயிலின் நிர்வாக அதிகாரி வெறும் சுடிதாரே போதும் என்று அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே கேரள உயர் நீதிமன்றம், வழக்கத்தை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை, கோயிலின் தலைமைப் பூசகரான தந்திரி சொல்வதே முடிவு என்றது. அந்த அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு வந்து வாசலில் நின்று கண்கலங்கிய பெண்களை நானே பார்த்திருக்கிறேன். ஆக, ஒரு நாலு முழ வேட்டி பையில் இருக்கட்டும். சுடிதாரைக் கழற்ற வேண்டாம், டாப்ஸுக்கு மேலேயே சுற்றி ஒரு ஊக்கு குத்தினால் போதும். எட்டு முழம் வேண்டாம், சின்னப் பெண் தடுக்கி விழுவாள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெரிய கோயில்களின் வெளியே, “இந்த வேட்டி செல்லாது, என்னிடம் வாங்குங்கள், நேராக சன்னதிக்குக் கூட்டிப்போகிறேன்” என்று யாராவது ஒட்டிக்கொள்வார்கள். வேட்டி வாடகையில் தொடங்கி, செருப்பு, பை, அர்ச்சனைத் தட்டு, தனி வரிசை என்று ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். கடைசியில் நீங்கள் நிற்பது அதே பொது வரிசைதான். போனையும் பையையும் கோயிலின் சொந்தக் கவுண்டரில் மட்டும் கொடுங்கள், டோக்கன் கேட்டு வாங்குங்கள். பட்டு வேட்டிதான் கட்டவேண்டும் என்று சொன்னால் நம்பவே நம்பாதீர்கள், பருத்தி வேட்டி தாராளமாகப் போதும்.

இந்த விதிகளை நாலு மொழியில் பெரிய எழுத்தில் எழுதி, ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? தமிழ்நாட்டில் 2016 ஜனவரி 1 முதல் நீதிமன்ற உத்தரவின்படி கோயில்களுக்கு உடை விதி வந்தது, அந்த மாதமே நிறுத்தியும் வைத்தார்கள். இன்றும் எது செல்லும் என்று என்னிடம் கேட்கிறார்கள். வெகுதூரம் வந்த குடும்பம் வாசலில் நின்று தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது?

கிளம்பும்முன் வேட்டிகளைப் பெட்டிக்குள் அடியில் வைக்காதீர்கள், கையில் எடுத்துவரும் பையில் மேலாக வையுங்கள்.