கேழ்வரகோடு மொச்சை, துவரை: மறுபடி கலந்து விதைக்கலாமா?

கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வி: "இரண்டு ஏக்கர் மானாவாரியில் கேழ்வரகு மட்டும் போடுகிறேன். அம்மா காலத்தில் மொச்சை, துவரை, ஆமணக்கு எல்லாம் சேர்த்து விதைப்பார்கள். இப்போது பருப்பும் காயும் கடையில்தான். பழைய முறை கட்டுப்படியாகுமா?"

கதிரைக் கையால் அறுப்பதாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இயந்திரம் இறக்குவீர்கள் என்றால் மொச்சையை ஊடே விடாதீர்கள், வரப்பை ஒட்டித் தனிப் பட்டையாக விதையுங்கள்.

எட்டு வரிசை கேழ்வரகுக்கு ஒரு வரிசை மொச்சை அல்லது துவரை போதும். ஆடி, ஆவணியில் விதைத்த கேழ்வரகு கார்த்திகை வாக்கில் வீட்டுக்கு வந்துவிடும். நாட்டு மொச்சை பகல் குறுகின பிறகுதான் பூக்கும். அப்புறம் பனியைக் குடித்தே காய்த்துவிடும். பொங்கலுக்கு மொச்சைக் குழம்பு வைக்கும் வழக்கம் இந்தக் காய்ப்புக் காலத்தோடு ஒட்டியதுதான். விதை வாங்கும்போது இதைக் கவனியுங்கள்: எந்தப் பருவத்திலும் பூக்கும் குத்துச்செடி ரகம் இதற்குப் பொருந்தாது. ஊர்ப் பெரியவர்களிடம் படரும் நாட்டு விதை கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக் கணக்குக்கு வருவோம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, தீட்டிய அரிசியில் 10-ஐத் தொடுவதே அரிது. ஆனால் கேழ்வரகின் புரதத்தில் லைசின் என்ற, உடம்புக்கு அவசியமான அமினோ அமிலம் குறைவு. மொச்சையிலும் துவரையிலும் அது நிறைய உண்டு. களியும் மொச்சைக் குழம்பும் சேரும்போது பிள்ளைகளுக்கு நல்ல புரதம் கிடைக்கிறது.

பலர் கணக்கில் சேர்க்காத இன்னொரு விளைச்சல் கீரை. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமிட்டிக்கீரை எதையும் யாரும் விதைப்பதில்லை, மழை விழுந்ததும் தானாக வரும். முதல் களை எடுக்கும் பெண்கள் இளந்தளிராகக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். அகன்ற இலைக் களைகளுக்கான மருந்தை அடித்தால் இந்தக் கீரையோடு மொச்சை முளையும் கருகிவிடும். அதனால் களைக்கொத்தே நல்லது, கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகும். கீரையைக் கடைந்து இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள், அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

ஆமணக்கை ஓரத்தில் மட்டும் வையுங்கள். புழுக்கள் அதை முதலில் தேடிப் போகும், பொறுக்கி அழிப்பது சுலபம். விதை விஷம் என்பதால் பிள்ளைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆடியில் அரை ஏக்கரில் மட்டும் தொடங்குங்கள்.